மலையேறும் லேண்ட் ரோவரும் அதன் புகைக்குழாயும்

கேமரன் மலைக்குச் செல்பவர் எவரும் இரண்டு காட்சிகளைக் காணாமல் திரும்ப முடியாது. ஒன்று, பச்சைப் பாய் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகள். மற்றொன்று, அச்சரிவுகளுக்கு இடையே உறுமிக்கொண்டு ஏறும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள். காய்கறிக் கூடைகளையும் கொழுந்து மூட்டைகளையும் சுமந்து செல்லும் இவ்வண்டிகளுள் பல, அவற்றை ஓட்டுபவரைவிட வயதில் மூத்தவை.

பகாங் மாநிலத்தின் இம்மலைப்பகுதியை 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் ஆராய்ந்தார். அவர் பெயரே இவ்விடத்திற்கு நிலைத்துவிட்டது. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரசல் என்பவர் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பில் காடு தோட்டமாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கேமரன் பாரத் தோட்டமும் உருவானது. தோட்டம் உருவானாலும் சரிவுப் பாதைகள் மண் பாதைகளாகவே இருந்தன. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. சாதாரண மகிழுந்து அங்கு ஏறாது. 1948ஆம் ஆண்டில் அறிமுகமான லேண்ட் ரோவர், நான்கு சக்கரங்களுக்கும் விசையைச் செலுத்தும் வண்டி. இப்படிப்பட்ட பாதைக்கென்றே செய்ததுபோல் அது அமைந்துவிட்டது.

இவ்வண்டிகள் இத்தனை ஆண்டுகள் உழைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் வண்டியின் மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. மேலுடல் அப்படியே இருக்க, எஃகினால் ஆன அடிச்சட்டமும் புகைக்குழாயுமே முதலில் துருவேறிப் போகின்றன. ஆகவே, பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர் எவரும் என்றாவது ஒருநாள் புகைக்குழாயை மாற்றியே ஆகவேண்டும். மாற்றும்போதுதான் ஆசையும் வருகிறது. பழையபடியே போடுவதா, சற்றுப் பெரிய குழாயாகப் போடுவதா, ஒலியடக்கியே இல்லாமல் விட்டுவிடுவதா?

புகைக்குழாய் என்று சொன்னால் பட்டறையில் உள்ளவர்கள் ஒருகணம் யோசிப்பார்கள். ‘எக்சோஸ்’ என்றால் உடனே புரியும். ஒலியடக்கிக்குச் ‘சைலன்சர்’ என்பதே அங்கு வழக்கு. பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, வண்டி மேட்டுல ஏறவே மாட்டேங்குது. கரும்புகையா வேற தள்ளுது. சைலன்சரைக் கழட்டிட்டு நேர் பைப் போட்டுடுங்க.”

“தம்பி, பைப்பை அப்புறம் பார்ப்போம். கடைசியா எப்ப ஏர் ஃபில்டரைத் தொறந்து பார்த்தீங்க?”

அனுபவமுள்ள மெக்கானிக்கின் இக்கேள்வி வாடிக்கையாளருக்குச் சலிப்பைத் தரலாம். ஆனால், அவர் சரியான இடத்தில்தான் கை வைக்கிறார். ஏன் என்று புரிந்துகொள்ள, டீசல் இயந்திரத்தின் உள்ளே நடப்பதை முதலில் காண வேண்டும்.

ஜெர்மானியப் பொறியாளர் ருடோல்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் தமது இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை ஒரு தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்று மட்டுமே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் மேலே ஏறி அக்காற்றை நெருக்குகிறது. லேண்ட் ரோவரின் பழைய 2.25 லிட்டர் டீசல் இயந்திரத்தில், 23 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்திற்குள் அடைக்கப்படுகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அதே விளைவுதான் இங்கும். நெருக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அந்நேரத்தில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படுகிறது; உடனே தானாகப் பற்றிக்கொள்கிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலே வரும் பிஸ்டன், எரிந்த வாயுவை வால்வு வழியே புகைக்குழாய்க்குள் தள்ளிவிடுகிறது.

இங்கு ஒரு கணக்கு முக்கியமானது. ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கிலோகிராம் காற்று தேவை. கடற்கரையோரத்தில் அது 10 கன மீட்டர் காற்று. சிறிய அறையின் பாதியை நிரப்பும் அளவு அது. அவ்வளவு காற்று கிடைக்காவிட்டால், டீசலில் உள்ள கரிமத்தின் ஒரு பகுதி எரியாமல் கரித்துகளாக வெளியேறும். நாம் காணும் கரும்புகை அதுவே.

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு குறைவு. மலையின் குளிர்ச்சி காற்றைச் சற்று அடர்த்தியாக்குவதால் இக்குறை கொஞ்சம் ஈடுசெய்யப்படுகிறது. இருந்தாலும், ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் எடை 13 விழுக்காடு வரை குறைந்துவிடுகிறது. பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டரையும் தாண்டியது. அங்கு இன்னும் குறைவு.

பழைய லேண்ட் ரோவரின் டீசல் பம்புக்கு இது தெரியாது. முடுக்கியை முழுமையாக அழுத்தினால், கீழே தாப்பாவில் எவ்வளவு டீசலைப் பீய்ச்சுமோ அதே அளவைத்தான் மேலேயும் பீய்ச்சும். காற்று குறைவு, எரிபொருள் அதே அளவு. மேடு ஏறும்போது கரும்புகை வருவதற்குப் பாதிக் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது. மீதிக் காரணங்கள் பராமரிப்பைச் சார்ந்தவை. புழுதி அடைத்த காற்று வடிகட்டி, துளி துளியாகச் சொட்டும் தேய்ந்த பீய்ச்சுமுனைகள், யாரோ ‘பவர்’ கூட்டுவதற்காகத் திருகிவிட்ட பம்பின் எரிபொருள் திருகாணி ஆகியவை அவற்றுள் அடங்கும்.

புகையின் நிறத்தைப் பார்த்தே நோயை ஓரளவு கணிக்கலாம். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுந்துவிட்டது. நீலப்புகை என்றால் இயந்திர எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்து எரிகிறது. வெண்புகைக்கு இரண்டு பொருள் உண்டு. மலையில் குளிர்ந்த காலை வேளையில் இயந்திரத்தை இயக்கியதும் சிறிது நேரம் வந்து மறைந்தால், அது முழுமையாக எரியாத டீசலும் நீராவியும் ஆகும், கவலை வேண்டா. இயந்திரம் சூடான பின்பும் தொடர்ந்து வந்தால், குளிர்விப்பு நீர் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இம்மூன்று புகையும் சிலிண்டருக்குள் உருவாகின்றன. குழாய் அவற்றைச் சுமந்து செல்லும் வழி மட்டுமே. ஆறு கலங்கி வந்தால் வாய்க்காலை அகலப்படுத்தி என்ன பயன்? அகலமான குழாய் போட்டால் கரும்புகை நிற்கும் என்று நம்புவதும் அத்தகையதே.

சரி, வேகமும் வலிமையுமாவது கூடுமா? இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2.25 லிட்டர் இயந்திரம் ஒரு நிமிடத்திற்கு 2,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். ஆக, நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 கன மீட்டர் காற்று உள்ளே செல்கிறது. எரிந்து சூடான பின் அதன் பருமன் இருமடங்கிற்கும் மேல் ஆகிறது. 45 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அவ்வளவு வாயு செல்ல வேண்டுமானால், அது வினாடிக்கு 40 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடவேண்டும். அப்படி ஓடும்போது வளைவுகளிலும் ஒலியடக்கியின் அறைகளிலும் உராய்ந்து தடைபடுகிறது. அத்தடையால் குழாய்க்குள் சிறிது அழுத்தம் தேங்குகிறது. இதற்குப் பின்னழுத்தம் என்று பெயர். பிஸ்டன் அவ்வழுத்தத்தை எதிர்த்து வாயுவைத் தள்ளுவதற்குத் தன் ஆற்றலில் ஒரு சிறு பகுதியைச் செலவிடுகிறது.

எவ்வளவு சிறு பகுதி? நல்ல நிலையில் உள்ள குழாயில், மலைச்சாலையில் ஓடும் வேகத்தில், நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. இயந்திரத்தை அதன் முழு வேகத்திற்கு விரட்டினால் இரண்டு மூன்று பங்காகலாம். அந்த 2.25 லிட்டர் டீசல் இயந்திரத்தின் முழுத் திறனே ஏறத்தாழ 62 குதிரைத்திறன்தான். மலையின் உயரம் நூற்றுக்குப் 13 பங்கைப் பறித்துக்கொள்கிறது. புதிய குழாய் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. காசு செலவழித்தவருக்கு வண்டி ‘பறப்பதுபோல்’ தோன்றுவதற்குப் பெரும்பாலும் ஒலிதான் காரணம். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

நசுங்கிய குழாய், உள்ளே தகடு உடைந்து வழியை அடைத்துக்கொண்ட ஒலியடக்கி ஆகியவற்றின் கதை வேறு. அவை உண்மையிலேயே இயந்திரத்தின் மூச்சைத் திணறடிக்கும். மாற்றினால் நல்ல பயன் தெரியும். டர்போ பொருத்திய இயந்திரத்தின் கதையும் வேறு. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழலும் ஒரு காற்றாடி. அது மற்றொரு காற்றாடியைச் சுழற்றி, இயந்திரத்திற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய மலைக்காற்றை ஈடுகட்ட இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. டர்போவைக் கடந்த பிறகு குழாயில் தடை குறைவாக இருந்தால் காற்றாடி எளிதாகச் சுழலும். ஆகவே, அவ்வண்டிகளில் சற்று அகலமான குழாய்க்குப் பொருள் உண்டு. லேண்ட் ரோவரில் டர்போ டீசல் 1986ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முந்திய வண்டிக்காரர், டர்போ வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டுக் குழாயை மாற்றுவது, அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது போலத்தான்.

இனி ஒலியைப் பார்ப்போம். நான்கு சிலிண்டர் கொண்ட இயந்திரம் நிமிடத்திற்கு 2,000 முறை சுழன்றால், 4,000 வெடிப்புகள் நிகழ்கின்றன. அதாவது, வினாடிக்கு ஏறத்தாழ 67. ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் அழுத்தம் மிக்க வாயு ‘பட்’டென்று குழாய்க்குள் பாய்கிறது. ஒலியடக்கியின் வேலை இவ்வதிர்வுகளை மழுங்கடிப்பது. சில ஒலியடக்கிகளில் பல அறைகள் இருக்கும். ஓர் அறையில் எதிரொலிக்கும் அலை மற்றோர் அலையோடு மோதி அழியும். வேறு சிலவற்றில் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைக்கப்பட்டிருக்கும். அது ஒலியை உறிஞ்சி வெப்பமாக மாற்றும்.

அதைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? டெசிபல் அளவையில் 10 கூடினால் காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்றும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் பணியிட இரைச்சல் விதிமுறைகளின்படி, தொழிலாளி ஒருவரின் நாளொன்றுக்கான இரைச்சல் அளவு 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே நேர் குழாய் முழங்க, நாள் முழுவதும் மலைப்பாதையில் ஓட்டுபவரின் காது மெல்ல மெல்லப் பழுதாகும். வலி எதுவும் இருக்காது. அதுதான் இதில் ஆபத்து. மேலும், பள்ளத்தாக்கு ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகிறது. அதிகாலை நான்கு மணிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் ஒரு வண்டி, எதிர்ச்சரிவில் உள்ள தோட்டக் குடியிருப்பு முழுவதையும் எழுப்பிவிடும்.

புகைக்குழாயில் வேண்டுமென்றே தடையை உண்டாக்கும் ஒரு மாற்றமும் இருக்கிறது என்பது வியப்பாக இருக்கலாம். தாப்பாவுக்கு இறங்கும் சாலை, வளைவுக்குப் பின் வளைவாகப் பல கிலோமீட்டர் கீழ்நோக்கிச் செல்கிறது. பாரமேற்றிய லோரி அச்சாலையில் சக்கரத் தடையை மட்டும் நம்பி இறங்கினால், தடைக்கட்டைகள் பழுக்கச் சூடாகிப் பிடிப்பை இழக்கும். இதற்காகப் பல லோரிகளின் புகைக்குழாயில் ஒரு தட்டு வால்வைப் பொருத்தியிருப்பார்கள். ஓட்டுநர் விசையை அழுத்தியதும் அது குழாயை மூடும். வாயு வெளியேற வழியின்றித் தேங்க, பிஸ்டன்கள் அதை எதிர்த்துத் திணறும். வண்டி வேகம் குறையும். இதற்குப் புகைத்தடை என்று பெயரிடலாம். அப்படிப்பட்ட வண்டியில் குழாய் இணைப்புகளைக் கண்டபடி மாற்றுவது, இறக்கத்தில் உயிரோடு விளையாடுவதாகும். லேண்ட் ரோவர் ஓட்டுபவர்களோ, ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய பாடத்தைப் பின்பற்றுகிறார்கள். அதுவும் நல்ல பாடமே.

குழாயை மாற்றும்போது யாரும் அதிகம் கவனிக்காத ஒன்று, அது எங்கே முடிகிறது என்பது. என் கருத்தில், இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் சற்றுக் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. அது சுற்றியுள்ள காற்றை வண்டியை நோக்கி இழுக்கும். மழைநாளில் வண்டியின் பின்கண்ணாடியில் மட்டும் சேறு படிந்திருப்பதைக் கவனியுங்கள், காரணம் இதுதான். துருப்பிடித்த கடைசித் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, குழாயை வண்டியின் அடிப்பகுதியிலேயே முடித்துவிட்டால், புகை தரையின் இடைவெளிகள் வழியாகவும் பின்புறத் திரைச்சீலை வழியாகவும் உள்ளே வரும். லேண்ட் ரோவரின் பின்பகுதியில் யார் அமர்கிறார்கள்? வேலைக்காட்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள். சில வேளைகளில் பள்ளிப் பிள்ளைகள். ஓட்டுநருக்குப் புகை தெரியாது. அவர் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் இருக்கிறார்.

டீசல் புகையில் உள்ள துகள்களுள் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை. நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இவ்வளவு நுண்ணிய துகளை மூக்கு முடிகளால் தடுக்க முடியாது. அது நுரையீரலின் ஆழம்வரை செல்லும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, புதிய குழாய் போடுபவர் அதன் நுனியை வண்டியின் பின்விளிம்பைத் தாண்டி வெளியே நீளுமாறு அமைக்க வேண்டும். இடையில் உள்ள இணைப்புகளில் கசிவு இருக்கக்கூடாது. இதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு முழத் துண்டுக் குழாயும் ஒரு கொக்கியும் மட்டுமே.

புகை மனிதரை மட்டும் தொடுவதில்லை. தேயிலை மணத்தை விரைவில் ஈர்த்துக்கொள்ளும் பொருள். மல்லிகைப் பூக்களோடு வைத்தால் மல்லிகை மணம் ஏறும். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பைன் விறகுப் புகையில் உலர்த்தி, புகை மணமுள்ள ஒரு தேயிலையையே செய்கிறார்கள். ஆனால், டீசல் மணமுள்ள தேநீரை விரும்பிக் குடிப்பார் எவருமில்லை. பறித்த கொழுந்தைத் தொழிற்சாலையில் பரப்பி, பல மணி நேரம் காற்றைச் செலுத்தி வாட்டுவார்கள். வாட்டும் கூடத்திற்குக் காற்றை இழுக்கும் விசிறிக்கு அருகில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டே மூட்டை இறக்கினால் என்ன நேரும் என்பதை நீங்களே கூறலாம்.

குழாயைப் பொருத்தும் முறையிலும் அறிவியல் இருக்கிறது. எஃகு சூடானால் நீளும். 3 மீட்டர் நீளக் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். அத்தோடு இயந்திரமும் தன் இருக்கையில் ஆடிக்கொண்டே இருக்கும். இதனால்தான் குழாயை அடிச்சட்டத்தில் நேராகப் பற்றவைக்காமல், ரப்பர் கொக்கிகளில் தொங்கவிடுகிறார்கள். ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்த குழாய், சில மாதங்களில் வேறோர் இடத்தில் விரிசல் விடும்.

துருவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கரிவளியோடு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரும் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தொலைவு ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடாகி, நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். தோட்டத்திற்குள் அரை மைல் ஓடி நிற்கும் வண்டியில் குழாய் சூடாவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. நீர் ஒலியடக்கிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கிறது. எனவே, தோட்ட வண்டிகளுக்குத் துருப்பிடிக்கா எஃகுக் குழாய் போடுவது வீண் செலவு அன்று. விலை கூடினாலும் மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டியதில்லை. ஒலியடக்கியின் மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் டீசல் புகைக்கு 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளும், வாகன இரைச்சலுக்கு 1987ஆம் ஆண்டின் விதிமுறைகளும் உள்ளன. புகைச் சோதனை எளிமையானது. வண்டியை நிறுத்திவைத்து, கியர் இல்லாமல் முடுக்கியை முழுமையாக அழுத்துவார்கள். குழாய் நுனியில் வைத்த கருவி, புகையின் ஊடே ஒளியைச் செலுத்தி எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும். தெளிந்த காற்றுக்குப் பூச்சியம். ஒளி சிறிதும் புகாத புகைக்கு 100. இந்த ஹார்ட்ரிட்ஜ் அளவையில் 50ஐத் தாண்டினால் குற்றம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். வாணிக வண்டிகள் புஸ்பாகோம் மையங்களில் குறித்த காலத்தில் சோதிக்கப்படுகின்றன. சோதனைக்கு முதல்நாள் பழைய ஒலியடக்கியைப் பொருத்தி, மறுநாள் கழற்றிவிடும் சாமர்த்தியசாலிகளும் இல்லாமல் இல்லை. அவர்கள் ஏமாற்றுவது அதிகாரியையா, பின்னால் அமர்ந்திருப்பவரையா?

பழைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயை மாற்றச் சொல்லிச் சட்டமே கட்டளையிட்ட நகரமும் உண்டு. 1999ஆம் ஆண்டில் ஜப்பானின் தோக்கியோ ஆளுநர் ஷிந்தாரோ இஷிஹாரா, செய்தியாளர்கள் முன் ஒரு நெகிழிப் புட்டியைக் குலுக்கிக் காட்டினார். அதனுள் இருந்தது டீசல் வண்டிகள் கக்கிய கரித்துகள். 2003ஆம் ஆண்டு அக்தோபர் முதல், அளவுக்கு மேல் கரித்துகள் வெளியிடும் பழைய லோரிகளும் பேருந்துகளும் தோக்கியோவுக்குள் ஓடத் தடை வந்தது. உரிமையாளர்கள் புது வண்டி வாங்க வேண்டும், அல்லது புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டியைப் பொருத்த வேண்டும். ஆயிரக்கணக்கான வண்டிகளின் குழாய்கள் மாறின; நகரின் காற்றும் தெளிந்தது.

அவ்வடிகட்டியைக் கேமரன் மலை லேண்ட் ரோவருக்கும் பொருத்தலாமே என்று தோன்றும். முடியாததன்று; ஆனால் எளிதும் அன்று. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்து நீக்க வேண்டும். அதற்கு 600 பாகை அளவில் வெப்பம் வேண்டும். வினையூக்கி கலந்த வடிகட்டிக்குக் குறைந்த வெப்பம் போதும் என்றாலும், குளிரில் அரை மைல் ஓடி நிற்கும் வண்டிக்கு அதுவும் கிடைப்பது அரிது. தேய்ந்த இயந்திரம் கக்கும் எண்ணெய்ப் புகை வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். ஆகவே, இவ்வண்டிகளுக்கு வேலை குழாயின் மறுமுனையில்தான் இருக்கிறது. காற்று வடிகட்டியைத் தூய்மைப்படுத்துவது முதல் வேலை. அடுத்து, பீய்ச்சுமுனைகளைக் கழற்றிச் சோதனைப் பொறியில் வைத்து, டீசல் பனிபோல் சிதறுகிறதா, நூலாகச் சொட்டுகிறதா என்று பார்ப்பது. பின்னர், பம்பின் எரிபொருள் அளவை மலைக்காற்றுக்கு ஏற்பக் குறைப்பது. இம்மூன்றாம் வேலையை அளவுக்கருவி வைத்திருக்கும் பம்புப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் அத்திருகாணியை யாரும் மீண்டும் தொடாதபடி கம்பியும் ஈயமும் வைத்து முத்திரையிட்டுத் தருவார்கள்.